உள்பக்கம் சாய்ந்த முள்கம்பி

கம்போங் சோம் நகரம், கம்போடியா,
பிச்சும் பென் பதின்மூன்றாம் நாள், நடுப்பகல்.

கொரிய தேசத்து வெள்ளரிப் பந்தல்கள் அத்தனைக்கும் ஏகபோகச் சக்கரவர்த்தியான என் மருமகன் வுத்திக்கு, தாக்கேவ் மாகாணத்துக் கல்யாண ஒலிபெருக்கிகளின் தனிப்பெருந்தலைவனும், உன் அம்மாவின் கூடப்பிறந்த ஒரே தண்டச்சோறுமான சாருன் மாமா ஆசி கூறி எழுதுவது.

உன் அம்மா நலம். நான் நலம். பன்றிகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே நின்றுவிட்ட உன் அத்தையும் அந்தப் பன்றிகளும் நலம் என்று தகவல். உன் தங்கை கன்னிதாவும் நலம் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன். பேனா அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லலாமே என்பாய். சொன்னேன். நான்கு நாளாகக் குரல் பதிவு செய்து அனுப்பினேன். நீ கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாக அனுப்பினாய். கடைசியில், “மாமா, முதலைக் கதை போதாதுன்னு இப்ப இதுவா?” என்று கேட்டாய். உன்மேல் தப்பில்லை. வெள்ளத்தில் வந்த முதலையின் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்று கிராமம் தாண்டிப் போய்ப் பெண் பார்த்தவன் நான் என்று உனக்கு ஐந்து வயதில் சொன்னேன். பத்து வயதில் அது ஏழு கிராமம் ஆயிற்று. என் வாயிலிருந்து வந்த எதையும் நம்ப வேண்டிய கடமை உனக்கில்லை.

ஆனால் யோசித்துப் பார். நான் இதுவரை காகிதத்தில் பொய் சொன்னதே இல்லை. ஏனென்றால் எழுதியதே இல்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன். நான் உட்கார்ந்து எழுதுகிற நூடுல்ஸ் கடைக்காரி ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். இந்தக் கடிதத்தில் எங்காவது மிகைப்படுத்தினால் அங்கேயே திருத்தி எழுதுவதாக உன் அப்பாவின் சாம்பல்மேல் சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழாம் நாள் காலை போரா வெள்ளை வேன் எடுத்துக்கொண்டு வந்தான். உன்னோடு குளத்தங்கரையில் எருமை மேய்த்த அதே போராதான். இப்போது அவன் பற்களே சம்பளம் வாங்குகிற மாதிரி பளபளக்கின்றன. பண்டிகை முடிந்த மறுநாள் கன்னிதா எங்கள் கம்பெனி வேலையில் சேர வேண்டும், அதற்கு முன் குடும்பத்தோடு வந்து ஊரைப் பாருங்கள், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி செலவு என்றான். பிச்சும் பென், செத்தவர்களுக்குச் சோறு வைக்கிற பதினைந்து நாளில் வீட்டை விட்டுப் போவதா, நம் செத்தவர்கள் ஊசித்துளை வாயோடு பசித்து வந்து தேடுவார்களே என்று உன் அம்மா இழுத்தாள். “செத்தவங்க சோத்துக்கு ஏழு கோயில் தேடுவாங்கல்ல, அதுல ஒண்ணு கம்போங் சோம்ல இருக்கட்டும்மா. அப்பா கடலே பார்த்ததில்ல” என்றாள் கன்னிதா. அந்தப் பெண்ணின் வாய்க்கு யார் பதில் சொல்வது? உன் அம்மா வாழையிலையில் முப்பது கிலோ நும் அன்சோம் கொழுக்கட்டை கட்டினாள். திருத்தம்: ஆறு கிலோ. ஆனால் என் மடியில்தான் வைத்தார்கள்.

இந்த நகரத்தைப் பற்றி என்ன சொல்ல! தங்கச் சிங்கங்கள், பனைமர உயரத்துக்கு, ரவுண்டானா நடுவில் நிற்கின்றன. பட்டப்பகலில் விளக்கு எரிகிறது. சூரியன் வெட்கப்பட்டு மேகத்துக்குள் போய்விட்டது. (மழைக்காலம், சரி, மழைமேகம்தான்.) கட்டடங்களில் பாதி கண்ணாடியும் தங்கமுமாக மினுக்குகின்றன. பாதி கட்டி முடிக்காமல் எலும்புக்கூடாக நிற்கின்றன. எழும்பிய தூண்களுக்கு நடுவே மாடு மேய்கிறது. “இதுல யாரு பேய், யாரு மனுஷன்னே தெரியலையே தம்பி” என்றாள் உன் அம்மா. அப்போது நான் சிரித்தேன்.

விடுதி வாசலில் பெரிய கண்ணாடிக் கதவு, உள்ளே முகம் தெரியும் பளிங்குத் தரை. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கோயில் என்று நினைத்துச் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள். திரும்பி வரும்போது செருப்பு இல்லை. குப்பை என்று துடைப்பக்காரன் அள்ளிப் போட்டுவிட்டான். “இந்த ஊர்ல எதைக் கழட்டி வச்சாலும் திரும்பக் கிடைக்காதும்மா” என்று போரா சிரித்தான். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். வேறு யாருடைய வீட்டு விஷயத்தையோ கேட்டுச் சிரிப்பது போல.

சூதாட்டக் கூடத்துக்குள் நம்மவர்கள் ஆடச் சட்டம் இடம் கொடுக்காது. ஆனால் கதவருகே நின்று பார்க்க விட்டான் போரா. நான் என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போனேன், சிவப்புப் பட்டு, தோளில் ஜரிகை. ஒரு சீனப் பணக்காரர் என்னை வரவேற்பாளன் என்று நினைத்து மழைக்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். கன்னிதா விழுந்து விழுந்து சிரித்தாள். “பொய்மூட்டை மாமாவுக்கு வேலை கிடைச்சிருச்சு! எனக்கு முன்னாடியே!” என்று கூடமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். உள்ளே கடிகாரம் இல்லை. ஜன்னல் இல்லை. சுற்றும் சக்கரத்தைப் பார்த்தபடி நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. (எண்ணிப் பார்த்தேன். நாற்பது பேர் இருக்கும். சந்தோஷம் இல்லாததில் திருத்தம் இல்லை.)

எட்டாம் நாள் காலை, வேலை செய்யப்போகிற இடத்தைக் காட்டுகிறேன் என்று விடுதிக்குப் பின்னால் அழைத்துப் போனான். பன்னிரண்டு மாடி. பெயர்ப் பலகை இல்லை. ஒவ்வொரு மாடியிலும் பால்கனி, ஒவ்வொரு பால்கனிக்கும் கம்பி வலை, அதில் துணி காய்கிறது. அலுவலகத்தில் எதற்கடா துணி காய்கிறது என்று கேட்டேன். “இங்கேயே தங்கி வேலை பார்ப்பாங்க மாமா, வாடகை மிச்சம்” என்றான். கன்னிதாவின் அடையாள அட்டையைப் பதிவு செய்ய வேண்டும் என்று வாங்கினான். எடுத்துக்கொண்டு போன சிப்பந்தி திரும்பி வரவில்லை.

அப்போதுதான் மதில்மேல் பார்த்தேன்.

வுத்தி, நான் ஒலிபெருக்கிக்காரன் என்றாலும் உன் அத்தைக்கு வாழ்க்கைப்பட்டதிலிருந்து பன்றிக்கு வேலி போடுகிறவன். அந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பலாம். திருடன் வராமல் இருக்க வேலி போட்டால் முள்கம்பியை வெளிப்பக்கம் சாய்ப்போம். உள்ளே இருப்பது வெளியே போகாமல் இருக்க வேலி போட்டால் உள்பக்கம் சாய்ப்போம். அந்த மதில்மேல் மூன்று வரிசை முள்கம்பி. மூன்றும் உள்பக்கம் சாய்ந்திருந்தன.

போராவிடம் காட்டினேன். “கடல் காத்துல சாஞ்சிருக்கும் மாமா” என்றான். கடல் மேற்கே இருக்கிறது. கம்பி நான்கு பக்கமும் உள்ளேதான் பார்க்கிறது. எந்தக் காற்று நான்கு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வீசும்?

உன் அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். “நீ பார்த்த முள்கம்பியும் நீ புடிச்ச முதலையும் ஒரே குளத்துல வளர்ந்ததுதானே?” என்றாள். கன்னிதாவிடம் சொன்னேன். “மாமா, ஊர்ல இருக்கற வேலி எல்லாம் பன்னிக்குன்னு நினைச்சா எப்படி? நான் என்ன பன்னியா?” என்றாள். தையல் ஆலையில் மூன்று வருடம் நின்றே வேலை பார்த்து அவள் கால் வீங்கியது உனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் வேலை என்றதும் அவள் கண்ணில் வந்த வெளிச்சத்தை அணைக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா? அதுவும், “அண்ணன் பார்த்து வச்ச வேலை, அண்ணனுக்குத் தெரியாதா?” என்று அவள் கேட்ட பிறகு?

ஒன்பதாம் நாள் எல்லோரும் குன்றின்மேல் இருக்கிற கோயிலுக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனோம். நல்ல கூட்டம். செத்தவர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுக்க வரிசை நின்றது. வரிசைக்கு வெளியே, அரசமரத்தடியில், ஒரு அம்மாள் காகிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆள் வரும்போதெல்லாம் எழுந்திருக்கிறாள், வரிசையைப் பார்க்கிறாள், திரும்ப உட்கார்ந்துவிடுகிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவளோ என்று நினைத்து, என் வழக்கமான பெருந்தன்மையோடு, “கொடுங்கள் தாயே, நாட்டின் தலைசிறந்த குரலால் நானே வாசித்துத் தருகிறேன்” என்றேன்.

“வாசிக்கறதா வேணாமான்னுதான் தெரியல தம்பி” என்றாள்.

அவள் பெயர் தீதா. ப்ரே வேங் பக்கம். அவள் மகன் ரத்தனக் போன வருடம் இதே நகரத்துக்கு வேலைக்கு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற வேலை. முதல் இரண்டு மாதம் செய்தி வந்தது. பிறகு வரவில்லை. செத்துப்போயிருந்தால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை ஏழு கோயிலும் ஏறி இறங்கிப் பட்டினியாகத் திரும்பிப் போவான். உயிரோடு இருந்தால் பெயர் இருக்கவே கூடாது, செத்தவர்கள் பெயர் கேட்டு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவார்கள். “போன வருஷமும் இதே மரத்தடியிலதான் உட்கார்ந்திருந்தேன். பதினஞ்சு நாளும். மடிச்ச காகிதம் மடிச்சபடியே வீட்டுக்குக் கொண்டு போனேன். என் புள்ள அந்த வருஷம் சாப்பிட்டானா, பட்டினியா, எனக்குத் தெரியாது தம்பி” என்றாள்.

எந்த இடத்தில் வேலை என்று கேட்டேன். பெயர்ப் பலகை இல்லாத பன்னிரண்டு மாடி, பால்கனியில் துணி காயும் என்றாள்.

மருமகனே, இதற்குமேல் எழுதுவது உன் அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இந்தப் பக்கத்தை நூடுல்ஸ் கடைக்காரி அனுப்பியதும் கிழித்துவிடுவேன்.

தொடர்ந்து ஒன்பது நாள் பெயர் வாசித்து அந்தக் கோயிலில் சடங்கு நடத்தும் அச்சாருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வாசிக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் எழுந்தேன். உன் அம்மா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “இது கல்யாணம் இல்லடா, செத்தவங்க. ஒழுங்கா வாசி” என்றாள். ஒழுங்காகத்தான் வாசித்தேன். முந்நூறு பெயர் இருக்கும். சத்தியமாக முந்நூறு, தாள்களை எண்ணினேன். என் குரல் குன்றிலிருந்து இறங்கிக் கண்ணாடிக் கட்டடங்களில் மோதித் திரும்பி வந்தது. வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய சபை அது. அதில் பாதிப் பேர் கண்ணுக்குத் தெரியாதவர்கள். கடைசியில் நம் வீட்டுத் தாள் வந்தது. என் அப்பா பெயர். என் அம்மா பெயர். போல்பாட் காலத்தில் போன சித்தப்பாக்கள் நான்கு பேர். உன் அப்பா பெயர்.

நான் பேசினால் உன் அம்மா நம்ப மாட்டாள். கன்னிதா நம்ப மாட்டாள். ஆனால் செத்தவர்கள் பட்டியலை உன் அம்மா நம்புவாள். அதைவிட உறுதியான எதையும் அவள் இந்த உலகத்தில் நம்புவதில்லை.

மூச்சை இழுத்துக்கொண்டேன். “கன்னிதா” என்றேன்.

தாளில் அந்தப் பெயர் இல்லை. நானாகச் சொன்னேன்.

உன் அம்மா கையிலிருந்த சோற்றுத் தட்டு விழுந்த சத்தம் எனக்கு மைக் வழியாகவே கேட்டது. நாக்குத் தவறிவிட்டது, தாள் ஒட்டிக்கொண்டது, கண் மங்குகிறது என்று வாய்க்கு வந்ததெல்லாம் உளறினேன். உன் அம்மா படியேறி வந்து எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் அக்காவிடம் அறை வாங்கியவன் கம்போடியாவிலேயே நான் ஒருவன்தான். ஆனால் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். நான் நினைத்தபடியே, “கிளம்பு கன்னிதா. இப்பவே வீட்டுக்கு. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். உடம்புல இருக்கற பத்தொன்பது உயிரும் பயந்து ஓடியிருக்கும், திரும்பக் கூப்பிட்டு மணிக்கட்டுல நூல் கட்டணும்” என்று உன் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

என் தந்திரம் பலித்துவிட்டது என்று எவ்வளவு நேரம் நினைத்தேன் தெரியுமா? கோயில் படி இறங்கும் நேரம். அறுபது படி.

கன்னிதா என்னை விட உன் அம்மாவை நன்றாக அறிவாள், உன் அம்மாவை விட என்னை நன்றாக அறிவாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அடிப்படியில் நின்று என்னைப் பார்த்தாள். “வேணும்னேதானே செஞ்சீங்க?” என்றாள். என் வாழ்க்கையில் பொய் தேவைப்பட்ட ஒரே நேரத்தில் எனக்குப் பொய் வரவில்லை.

“இந்த வீட்ல நான் எதைத் தொட்டாலும் சகுனம், கனவு, செத்தவங்க. போதும்” என்றாள். “அம்மாவ வச்சு என்னை ஊருக்குத் திரும்பக் கூட்டிப்போய், நூல் கட்டி, மறுபடி ஆலையில நிக்க வைக்கப் பார்க்கறீங்க.” போராவுக்குப் போன் போட்டாள். பண்டிகை முடியும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இன்றைக்கே சேர்கிறேன் என்றாள். போராவுக்குச் சொல்லவும் வேண்டுமா, கால் மணி நேரத்தில் வேன் வந்துவிட்டது.

ஏழு நாள் கழித்து உள்ளே போக வேண்டியவள் என்னால் அன்றைக்கே போனாள். அந்த ஏழு நாளில் என்னென்ன நடந்திருக்கலாம்! வேறு வேலை வந்திருக்கலாம். காய்ச்சல் வந்திருக்கலாம். தீதா அம்மாளிடம் அவளே பேசியிருக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ரோஜா நிறப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இரும்புக் கதவுவரை போனாள். உன் அம்மா வாய்விட்டு அழுதாள். நான் தலை குனிந்து நின்றேன். கதவு பாதி மூடியதும் அவளுக்கே மனசு கேட்கவில்லை போல. திரும்பிப் பார்த்து, “பொய்மூட்டை! முதல் சம்பளத்துல உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தர்றேன். நல்ல பித்தளைப் பூட்டு!” என்று கத்தினாள். சிரித்தாளா என்று கதவு மூடிவிட்டதால் சரியாகத் தெரியவில்லை. சிரித்தாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. சத்தியம் செய்திருக்கிறேன்.

இன்றோடு நான்கு நாள். ஒவ்வொரு நாளும் காலையில் உன் அம்மா போனுக்குச் செய்தி வருகிறது. “நான் நலமாக இருக்கிறேன். வேலை நன்றாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்.” உனக்கும் அதேதான் வந்திருக்கும், எடுத்துப் பார். கன்னிதா எப்போதடா முற்றுப்புள்ளி வைத்து எழுதினாள்? அவள் அம்மாவுக்கு எழுதினால் பாதி எழுத்தும் பாதி பொம்மையுமாக இருக்கும். எனக்கு எழுதினால் முதல் வார்த்தையே பொய்மூட்டை என்றுதான் ஆரம்பிக்கும். நான்கு நாளும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், பித்தளைப் பூட்டு எங்கே என்று. நான்கு நாளும் ஒரே பதில். நான் நலமாக இருக்கிறேன். வேலை நன்றாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம்.

நேற்று அதைத் தீதா அம்மாளிடம் காட்டினேன். அவள் தன் பழைய போனை எடுத்து, போன வருடத்துச் செய்திகளைத் தேடி, என் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். ரத்தனக் அனுப்பியது. நான் நலமாக இருக்கிறேன். வேலை நன்றாக இருக்கிறது. கவலைப்பட வேண்டாம். ஒரு எழுத்து கூட மாறவில்லை. கீழே தள்ளிக்கொண்டே போனாள். இருபத்தாறு முறை அதே வாக்கியம். அதன் பிறகு வெற்றுத் திரை.

இரண்டு போனையும் அருகருகே படம் எடுத்து இந்தக் கடிதத்தோடு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இதில் என் வாய் எங்கும் புகவில்லை என்பதை நீயே பார்த்துக்கொள்.

புகார் கொடுக்கப் போனேன். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, தானாக நடந்து போயிருக்கிறாள், நலம் என்று செய்தியும் வருகிறது, நாங்கள் எதை வைத்து எழுதுவது என்று கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். என்ன வேலை, என்ன சம்பளம், அட்டை திரும்பக் கொடுப்பதாகச் சொன்னது, நினைத்தபோது வெளியே வரலாம் என்று சொன்னது, இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா என்றார்கள். என்னிடம் இல்லை. உன் அம்மாவிடம் இல்லை. போரா எங்களிடம் எல்லாவற்றையும் பல்லால்தான் சொன்னான். எழுத்தில் சொன்னது உன்னிடம் மட்டும்.

போராவை நேற்று முன்தினம் கதவருகே பிடித்தேன். கெஞ்சினேன், வுத்தி. ஜரிகைக் கோட்டோடு கெஞ்சினேன். பெண்ணை ஐந்து நிமிடம் வெளியே விடு, அவள் அம்மா மணிக்கட்டில் ஒரு நூல் கட்டிக்கொள்ளட்டும் என்றேன். “என்ன மாமா, புதுசா பயப்படறீங்க? ஆள் சேர்த்துவிட்டவங்களுக்குக் கம்பெனி ஒரு மரியாதை செய்யும். வுத்திக்கும் செஞ்சாச்சு. அவனே சும்மா இருக்கான், நீங்க ஏன் குதிக்கறீங்க?” என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

என்ன மரியாதை என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். போன மாதம் உன் அம்மா வீட்டு வாசலுக்கு வந்த சிவப்பு மோட்டார் சைக்கிளைப் பற்றியும் நான் கேட்கவில்லை. கூடுதல் நேரம் வேலை பார்த்து அனுப்பினான் என் பிள்ளை என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி, அதற்குச் சாமந்தி மாலை போட்டிருக்கிறாள். சொல்லிக்கொள்ளட்டும். உன்னை எனக்குத் தெரியும். எருமைக்குக் காயம் பட்டால் உட்கார்ந்து அழுத பையன் நீ. தெரிந்து செய்திருக்க மாட்டாய். தெரியாமல் செய்ததைத் தெரிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் மனிதன் இருக்கிறான் என்று பிக்குகள் சொல்வார்கள். நான் சொல்லவில்லை. எனக்கு அதற்கு வாய் இல்லை, ஒன்பதாம் நாளோடு போய்விட்டது.

ஆகையால் இரண்டு காரியம். முதலாவது, போரா உனக்கு அனுப்பிய செய்தி எல்லாவற்றையும், உனக்கு வெட்கம் தருகிறதையும் சேர்த்து, அழிக்காமல் எனக்கு அனுப்பு. நாளைக்குள். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு கட்டடத்தில் ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள் என்று நூடுல்ஸ் கடைக்காரி சொல்கிறாள். போன வருடமும் அப்படித்தான் வேன் வேனாகப் போனதாம். இரண்டாவது, போராவைக் கூப்பிட்டுப் பேசு. திட்டாதே. சிரித்துப் பேசு. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொல். திரையில் அவள் வந்தால் வேறு எதுவும் கேட்காதே. மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லு என்று மட்டும் கேள். அவள் என்னைப் பொய்மூட்டை என்று திட்டினாள் என்றால் அவள் இன்னும் அவளாகத்தான் இருக்கிறாள். மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்கள் என்றாள் என்றால், வுத்தி, அன்றைக்கே விமானம் ஏறு.

கடைக்கு எதிரே உன் அம்மா அந்த இரும்புக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், நான் வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்போடு. கையில் சிவப்பு நூல் கண்டு. நூல் இருக்கிறது, கட்ட மணிக்கட்டு இல்லை. பக்கத்தில் தீதா அம்மாள் மடித்த காகிதத்தோடு. காலையில் தீதா அம்மாள் என்னிடம் ஒன்று சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, ஏக்கமாகத்தான் சொன்னாள். “உங்க பொண்ணு பேர ஒரு பக்கமாவது வாசிச்சுட்டீங்க தம்பி. என் புள்ள பேரு செத்தவங்க பக்கமா, இருக்கறவங்க பக்கமான்னு எனக்கு இன்னும் தெரியல.”

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள். நீ நூறு வருடம் வாழ்க, உன் தங்கையோடு சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டு வாழ்க. நாற்பது வருடமாக நான் மைக்கில் சொன்னது ஒன்றுகூடப் பலித்ததில்லை. வாழ்த்திய ஜோடிகளில் பாதிப் பேர் பிரிந்தார்கள், மழை வராது என்று நான் அறிவித்த பந்தல்கள் எல்லாம் மிதந்தன. ஒன்பதாம் நாள் நான் சொன்ன அந்த ஒரு பெயரும் அப்படியே என் பொய்களோடு பொய்யாகப் போகட்டும் என்று, நீயும் அங்கிருந்தே கைகூப்பி வேண்டிக்கொள்.

இப்படிக்கு, யாராவது ஒருத்தி அப்படிக் கூப்பிடக் காத்திருக்கும்,
உன் பொய்மூட்டை மாமா,
சாருன்.